லீவில் வரும் கருணை

மார்கழி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்துக்கு வெளியூர் ஆட்கள் வரத்து கூடிவிடும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் வரும் கூட்டம் ஒன்று. புதுச்சேரியில் தங்கிக்கொண்டு பிச்சாவரத்தில் படகு ஏற வரும் வெள்ளைக்காரர்கள் கொஞ்சம் பேர். சிங்கப்பூரிலிருந்தும் லண்டனிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் லீவு போட்டு ஊர் பார்க்க வரும் நம்மவர்கள் நிறையப் பேர். இவர்களில் சிலருக்குக் கோயிலும் காடும் பார்த்தால் போதாது. போகிற போக்கில் ஒரு நல்ல காரியமும் செய்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு முதலில் ஞாபகம் வருவது ஆதரவற்ற குழந்தைகள் இல்லம்.

வெளிநாட்டு இளைஞர் என்றால் இரண்டு வாரம், மூன்று வாரம் தங்குவார். ஆங்கிலப் பாட்டு சொல்லிக்கொடுப்பார், சுவருக்கு வண்ணம் அடிப்பார், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவார். இதற்கென்றே பணம் கட்டி வருகிறவர்கள் உண்டு. அனுப்பிவைக்கும் கம்பெனிகளும் பல நாடுகளில் உண்டு. நம்மவர் என்றால் அப்பா திதிக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு, மகள் பிறந்தநாளுக்குப் பிரியாணியும் கேக்கும். மூன்று மணி நேரத்தில் கார் கிளம்பிவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். வெள்ளைக்காரரைக் கேலி செய்வது சுலபம். அந்தக் கேலிச் சத்தத்தில் நம் பந்தி சத்தமில்லாமல் தப்பித்துக்கொள்கிறது.

வெளியிலிருந்து வரும் கருணையை எப்படி எடைபோடுவது என்பது இந்த மாவட்டத்துக்குப் பழைய கேள்வி. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வந்த சுனாமியில் இங்கு மட்டும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, கிள்ளைக்கு அருகே எம்.ஜி.ஆர். திட்டு என்று கரையோரம் முழுக்க இழவு வீடுகள். அடுத்த சில வாரங்களில் உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். தொண்டு நிறுவனங்கள், சபைகள், மடங்கள், கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டுப் பயணிகள். இந்தி நடிகர் விவேக் ஓபராய் தேவனாம்பட்டினத்தில் முகாமிட்டு வேலை செய்தார். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்களும் ஏராளம்.

அப்போது தமிழக அரசு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. குழந்தைகளை யாரும் நினைத்தபடி கூட்டிக்கொண்டு போகவிடவில்லை. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசே இல்லங்களைத் திறந்தது. இரண்டு பெற்றோரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போட்டது. நிறையக் குழந்தைகளை இல்லம்வரை போகவிடாமல் பாட்டியும் பெரியப்பாவும் சித்தியும் தாய்மாமனும் எடுத்துக்கொண்டார்கள். மீனவர் ஊர்களில் சொந்தம் அவ்வளவு நெருக்கம்; ஒரு குப்பத்தில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான்.

வெளியிலிருந்து வந்த உதவிகளில் எது நிலைத்தது என்று பார்த்தால், பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் தாங்களே குழந்தைகளோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டுப் போகவில்லை. உள்ளூர் ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடி ஊழியர்களுக்கும் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பயந்துபோன பிள்ளையிடம் எப்படிப் பேசுவது, படம் வரையவிட்டு, விளையாடவிட்டு எப்படி மனதில் இருப்பதை வெளியே வரவழைப்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். நிபுணர்கள் ரயில் ஏறிய பிறகும் டீச்சர் அதே ஊரில்தான் இருந்தார். குழந்தை மறுநாளும் அதே முகத்தைப் பார்த்தது.

நாகப்பட்டினம் அன்னை சத்யா இல்லத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுனாமியின்போது அதிகாரியாக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன், மாற்றலாகிப் போன பின்பும் அந்தப் பிள்ளைகளைப் பார்க்க வருவதை நிறுத்தவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தை 2022இல் முன்னின்று நடத்தினார் என்று செய்தித்தாள்கள் படத்தோடு எழுதின. அதிகாரி வந்தார் என்பதில் செய்தி எதுவும் இல்லை. அதிகாரிகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். பதினேழு வருடம் கழித்தும் அதே ஆள் வந்தார் என்பதுதான் அபூர்வம்.

லீவில் வருகிற கருணையிடம் இல்லாதது இந்தத் தொடர்ச்சி. மற்ற குறைகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை.

நல்லதை முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் நல்லது இருக்கிறது. சின்ன ஊர் இல்லத்துப் பிள்ளைக்கு வெளியுலகத்து ஆள் ஒருவரோடு பழகுவது தைரியம் தரும். ஆங்கிலம் பேசினால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று தெரியும். வந்தவர் அனுப்பும் பணத்தில் கழிவறை கட்டியிருக்கிறார்கள், காலேஜ் பீஸ் கட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு, இதை விமர்சகர்கள் அதிகம் சொல்வதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத இல்லம் ஆபத்தான இல்லம். வெளியாள் கண் படும் இடத்தில் அடிக்கக் கை ஓங்குவதற்கு முன் ஒரு நொடி யோசிப்பார்கள். வந்து போனவர்களில் சிலருக்குச் சொந்த வாழ்க்கையே திசை மாறி, சமூகப் பணி படிக்கப் போனதும் நடக்கிறது. இதையெல்லாம் வேடிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்த நன்மைகளில் எதற்குக் குழந்தையைக் கட்டியணைப்பது தேவை? கழிவறைக்குப் பணம் அனுப்பக் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கண்காணிப்புக்கு வர வேண்டியவர் பயிற்சி பெற்ற ஆய்வாளர். கேமராவோடு வரும் சுற்றுலாப் பயணி அந்த வேலைக்கு ஆகமாட்டார்.

இல்லத்துக்குள் நுழைந்ததும் நாலு வயசுப் பிள்ளை ஓடி வந்து, முன்பின் தெரியாதவர் காலைக் கட்டிக்கொள்ளும். இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், கைக்கடிகாரத்தைத் திருகும், இறக்கிவிட்டால் அழும். வந்தவருக்குக் கண் கலங்கிவிடும். 'பார், எவ்வளவு பாசம்' என்பார். வீட்டில் வளரும் நாலு வயசுப் பிள்ளை புது ஆளைக் கண்டால் என்ன செய்யும்? அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். அதுதான் ஆரோக்கியம். யாரிடமும் தாவுகிற பிள்ளை, நிரந்தரமான ஒருவர் கிடைக்காமல் கிடைத்தவரையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று குழந்தை மனநல ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஜான் பௌல்பி எழுதிய அறிக்கையிலிருந்து, 2000இல் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 136 குழந்தைகளை வைத்துத் தொடங்கிய நீண்ட ஆய்வு வரை, சொல்வது ஒன்றுதான்: குழந்தைக்கு நிலையாக ஒருவர் வேண்டும். புக்கரெஸ்ட்டில் இல்லத்திலிருந்து எடுத்து வளர்ப்புக் குடும்பங்களிடம் கொடுத்த குழந்தைகள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், இல்லத்திலேயே தங்கியவர்களைவிடத் தேறினார்கள். தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸால் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பார்க்க வரும் பயணிகளைப் பற்றி 2010இல் லிண்டா ரிச்டரும் ஏமி நார்மனும் எழுதிய கட்டுரை, வந்து பழகிப் பிரியும் ஒவ்வொரு ஆளும் அந்தக் குழந்தைக்கு இன்னொரு இழப்பு என்று எச்சரித்தது. மூன்று வாரத்துக்கு ஒரு அக்கா வந்து போனால், ஒரு வருடத்தில் எத்தனை அக்காக்களை ஒரு பிள்ளை இழக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பணம் செய்கிற வேலை இன்னும் மோசம். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அந்த ஐந்து வருடத்தில் அங்கே போரும் இல்லை, கொள்ளைநோயும் இல்லை. கூடியது சுற்றுலா. அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததை யுனிசெப் ஆய்வு வெளியே கொண்டுவந்தது. நேபாளத்திலும் இதே கதை: மலை கிராமங்களில் பெற்றோரிடம் படிப்பு ஆசை காட்டிப் பிள்ளைகளை வாங்கி, காட்மாண்டுவிலும் பொக்காராவிலும் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் இடங்களுக்குப் பக்கத்தில் இல்லம் வைத்தார்கள். அனாதை என்று காகிதம் தயாரித்துக் குழந்தையை அனாதையாக்கும் இந்த வியாபாரத்தை, ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017இல் நவீன அடிமைமுறையோடு சேர்த்து ஆராய்ந்தது. அதே வருடம் புராஜெக்ட்ஸ் அப்ராட் என்ற பெரிய நிறுவனம் இல்லங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இத்தகைய சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டு நாடுகளை நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

கம்போடியா அளவுக்குக் கடலூர் போகவில்லை. வெளிநாட்டுப் பயணிக்காகக் குழந்தை பிடிக்கும் தரகர் இங்கே பெருகிவிட்டார் என்று சொன்னால் அது புளுகு. ஆனால் அடிப்படை ஒன்றுதான். பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகும் தாய் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். புருஷன் இல்லை, கையெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கருத்துப்போய், கிடைக்கிற கூலியில் இரண்டு பிள்ளை. 'ஹோம்ல விட்டா மூணு வேளை சோறு, நோட்டு புக்கு, நல்ல ஸ்கூலு' என்று யாரோ சொல்கிறார்கள். விடுகிறாள். பொங்கலுக்கும் முழுப்பரீட்சை லீவுக்கும் வந்து கூட்டிப்போகிறாள். அந்தப் பிள்ளையைத்தான் லண்டன்காரரும் அமெரிக்கா மாமாவும் 'யாருமே இல்லாத குழந்தை' என்று கட்டியணைக்கிறார்கள். அவள் கூலியோடு மாதம் சில ஆயிரம் சேர்ந்தால் பிள்ளை வீட்டிலேயே இருந்திருக்கும். அந்தப் பணம் அவளுக்கு வராது, இல்லத்துக்கு வரும். குழந்தை எங்கே கண்ணுக்குத் தெரிகிறதோ அங்கேதான் நன்கொடை விழுகிறது. இந்தியா முழுக்கக் குழந்தைகள் இல்லங்களைக் கணக்கெடுத்து 2018இல் வெளியான அரசு அறிக்கையும், பெற்றோர் இருவரையும் இழந்தவர்களைவிட ஒற்றைப் பெற்றோர் உள்ள குழந்தைகளே இல்லங்களில் அதிகம் என்று காட்டியது. கணக்கெடுத்த 9,589 இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குதான் அப்போது இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருந்தது.

இந்த விஷயத்தில் நாட்டுக்கே வழிகாட்டிய வழக்கு தமிழ்நாட்டின் பெயரில் இருக்கிறது. மாமல்லபுரத்து இல்லம் ஒன்றைப் பற்றிக் குறிப்பிட்ட 2007ஆம் ஆண்டுப் பத்திரிகைக் கட்டுரையிலிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட வழக்கு அது. தலைப்பே தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றியது. 2017 மே 5ஆம் தேதி நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா தீர்ப்பளித்தார்கள். எல்லா இல்லங்களும் பதிவாக வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் வேண்டும், இல்லத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். பத்து வருடம் இழுத்த வழக்கு. வழக்கு தொடங்கியபோது குழந்தையாக இருந்தவர்களில் பலர் தீர்ப்பு வருவதற்குள் ஓட்டுப் போடும் வயதைத் தாண்டியிருப்பார்கள்.

நம் பந்திக்கு வருகிறேன். நம் பக்கத்து இல்லங்களில் அலுவலக அறைக்குள் போனால் ஒரு அட்டை தொங்கும். காலை டிபன் இவ்வளவு, மதியம் சாதா இவ்வளவு, வடை பாயசத்தோடு இவ்வளவு, அசைவம் என்றால் இவ்வளவு. பக்கத்தில் ஒரு நோட்டு. தேதி வாரியாகப் பெயர். பிப்ரவரி 24, ஜூன் 3 போன்ற தேதிகளில் கட்சிக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். தலைவர் பிறந்தநாளுக்கு இல்லத்தில் இனிப்பு வழங்காவிட்டால் வட்டச் செயலாளருக்கு மரியாதை இல்லை. ஆகஸ்ட் 15க்கு மூன்று பேர் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில், அடைமழையில் கெடிலமும் பெண்ணையாறும் நிரம்பி ஓடும்போது, அதாவது கூரை ஒழுகி விறகு நனைந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காணும்போது, நோட்டில் பக்கங்கள் காலி.

சாப்பாடு போடுகிற சடங்கும் கவனிக்கத் தக்கது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். குடும்பம் வர நேரமாகும். சிதம்பரத்தில் தரிசனம் முடிந்து வர வேண்டுமே. சோறு ஆறும். வந்ததும் கேக் வெட்டுவார்கள், தெரியாத ஒரு குழந்தைக்கு இந்தப் பிள்ளைகள் கைதட்டிப் பாட்டுப் பாட வேண்டும். பிறகு பிரார்த்தனை, சோறு போட்டவர் பெயரைச் சொல்லி அவர் குடும்பம் நூறாண்டு வாழ வேண்டும் என்று. பிறகு போட்டோ. ஆதரவும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். பந்தி முடிவதற்குள் படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பையனுக்குக் கூசும். அவனோடு அதே பள்ளியில் படிக்கிறவனின் மாமாவாக இருக்கும் சில நேரம் சோறு போடுகிறவர்.

இதே மாவட்டத்தில், 1867 மே 23 அன்று வடலூரில் வள்ளலார் என்னும் ராமலிங்க அடிகளார் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அரிசியும் பருப்பும் காய்கறியும் ஊர் ஊராக வந்து சேர்கின்றன. கொடுத்தவர் மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறார். பசித்தவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். யார் அரிசி என்று அவருக்குத் தெரியாது. பாட்டுப் பாட வேண்டியதில்லை. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவில் ஒரு களஞ்சியம் இருக்கிறது. வள்ளலாரின் கருணையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவர் செய்துவைத்த இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனத்தைப் பேசுவது குறைவு. சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கண்முன்னே நடக்கிற முறை, நம் இல்லங்களின் வாசலுக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை என்று தெரியவில்லை.

விடுதி என்றாலே தீமை என்று சொல்லிவிடவும் முடியாது. சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் தொடங்கிய கல்விப் பணி, சேரிப் பிள்ளைகள் பள்ளிப் படியை மிதிக்க முடியாத காலத்தில் அவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைத்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் டேனிஷ் மிஷன் பள்ளிகளிலும் போர்டிங்கில் தங்கிப் படித்து முன்னுக்கு வந்த குடும்பங்கள் உண்டு. அங்கே பிள்ளை வந்தது படிக்க. அப்பா அம்மா இருக்கிறார்கள் என்பதை யாரும் மறைக்கவில்லை. சகஜானந்தர் சிதம்பரத்திலேயே வாழ்ந்து 1959இல் சிதம்பரத்திலேயே மறைந்தார். ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தவர் இல்லை.

ஆபத்தான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கோவாவில் இல்லம் நடத்திய பிரெடி பீட்ஸ் 1996இல் குழந்தைகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். இதே குற்றத்துக்கான மும்பை ஆங்கரேஜ் இல்ல வழக்கில் முன்னாள் பிரிட்டிஷ் கடற்படையினர் இருவரின் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநிறுத்தியது. வருகிறவர்கள் எல்லோரும் அப்படியா என்றால், இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் நல்ல மனதோடுதான் வருவார்கள். அந்த மிச்சம் ஒருவருக்குக் கதவைத் திறந்து வைப்பதுதான் சிக்கல். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டு செய்யப் போனால் குற்றப் பின்னணி சரிபார்ப்புக் கேட்பார்கள். இங்கே மின் சுற்றுலா விசாவிலேயே ஒரு மாதம்வரை சம்பளமில்லாத தொண்டு செய்ய அனுமதி உண்டு. இல்லத்தில் பாஸ்போர்ட் நகல் வாங்கி வைத்துக்கொண்டால் அதுவே பெரிய சரிபார்ப்பு. காரில் வரும் நம்மவரிடம் அதுவும் கேட்பதில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்.

ஆக, என் தீர்ப்பு இது. குழந்தையோடு நேரடியாகப் பழகும் குறுகிய காலத் தொண்டை நிறுத்திவிடலாம். வெளிநாட்டவர், நம்மவர் இருவருக்கும். கணக்கு எழுதத் தெரிந்தவர், பல் மருத்துவர், மின்வேலை தெரிந்தவர் வரட்டும். இல்லத்துப் பணியாளர்களோடு வேலை செய்யட்டும். பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்றால் அண்ணாமலை பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. சமூகப் பணியோ கணக்கோ படிக்கிற மாணவர் சனிக்கிழமைதோறும், படிப்பு முடியும்வரை, போலீஸ் சரிபார்ப்போடு வந்து சொல்லித்தர முடியும். ஆங்கில உச்சரிப்பு லண்டன்காரர் அளவுக்கு இருக்காது, அடுத்த சனிக்கிழமையும் வருவார்.

பணத்தைப் பொறுத்தவரை அரசின் போக்கே கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருவது தெரிகிறது. 2021இல் கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குத் தமிழக அரசு 5 லட்சம் வைப்பு போட்டதோடு, உறவினரிடம் வளர்கிறவர்களுக்கு 18 வயதுவரை மாதம் 3,000 ரூபாய் என்றது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவு, குடும்பத்தில் வளரும் குழந்தைக்கு மாதம் 4,000. 2025 செப்டம்பரில் வந்த அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000. சுனாமிக் காலத்தில் கட்டடத்துக்குப் போன பணம் பாட்டி வீட்டுக்குப் போகத் தொடங்கியிருக்கிறது. சிபாரிசு இல்லாமல் இது கிடைக்கிறதா, மனு போட்டு எத்தனை மாதம் அலைய வேண்டும் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். லீவில் வருகிறவருக்கு உண்மையிலேயே வேலை செய்ய ஆசை என்றால், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அந்த மனுவை நிரப்பிக் கொடுத்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுவரை கூடப் போய் வரலாம். போட்டோவுக்கு அழகாக இருக்காது.

இல்லங்களை நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும்: 'சாப்பாட்டுக்கு வர்றவங்களையும் நிறுத்திட்டா நான் யார்கிட்ட போய் நிப்பேன்?' மானியம் வருகிற இல்லத்துக்கு அது நேரத்துக்கு வருவதில்லை. மானியமே இல்லாதவை இந்தப் பிறந்தநாள்களை நம்பித்தான் இருக்கின்றன. இதற்கு என்னிடம் முழு விடை கிடையாது. ஆனால் எங்கே பணம் பற்றவில்லை என்று கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது சோறு அல்ல, ஆயாம்மா சம்பளம். மின்விசிறிக்கு ஸ்பான்சர் கிடைக்கிறார், குடிநீர் மெஷினுக்குக் கிடைக்கிறார். இறக்கையிலும் பெட்டியிலும் உபயம் என்று பெயர் எழுதிக்கொள்ளலாம். ராத்திரி காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுகிற ஆயாம்மாவுக்குக் கொடுப்பது கட்டாததால், அவர் ஆறு மாதத்தில் துணிக்கடை வேலைக்குப் போய்விடுகிறார். பிள்ளைகளுக்கு மறுபடியும் புது முகம். ஒரு குடும்பம் வருடா வருடம் பிரியாணிக்குச் செலவழிப்பதை அந்தச் சம்பளத்துக்கென்று எழுதிக்கொடுத்து, அவர் மூன்று வருடம் நிலைத்திருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். அதற்கு ஊருக்கு வரக்கூட வேண்டாம். லண்டனில் இருந்துகொண்டே செய்யலாம்.